‘கலர் முடிவு பண்ணும்போது கூப்பிடுறோம்’

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து வருடமாக யூஎக்ஸ் டிசைனராக, அதாவது செயலிகளின் திரைகளை வடிவமைப்பவராக, இருக்கிறேன். சிறு கடன் தரும் நிதி நிறுவனம் ஒன்றுக்கு இப்போது ஒரு செயலி செய்கிறோம். விண்ணப்பத்தை ஏஐ படித்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். கிளையில் இருக்கும் கடன் அலுவலர் அதைப் பார்த்துவிட்டுக் கடன் தரலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார். ‘பொறுப்பான ஏஐ’ என்று அலுவலகத்தில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள். டேட்டா ஆட்கள், சட்டப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு எல்லோரும் அதில் உண்டு. நானும் வரட்டுமா என்று கேட்டேன். ‘கலர் முடிவு பண்ணும்போது கூப்பிடுறோம்மா’ என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். மதிப்பெண்ணைக் கணிக்கும் ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுக்க எனக்குத் தெரியாது. புள்ளியியல் கல்லூரியோடு போயிற்று. உண்மையிலேயே எனக்கு அங்கே வேலை இருக்கிறதா? மதிப்பெண்ணுக்குக் கீழே ‘ஏன் இந்த மதிப்பெண்’ என்று ஒரு விளக்கம் போட்டுவிட்டால் என் பங்கு முடிந்தது என்கிறார்கள். அது போதுமா? இதற்கென்று ஏதாவது கோர்ஸ் படிக்க வேண்டுமா?

— வாசகி, கோவை

அன்புள்ள கோவை வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பழைய ஞாபகம்தான் வந்தது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ‘பட்டன் மூலை வட்டமா வேணுமா, கூரா வேணுமான்னு சொல்லுங்க, போதும்’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு நானும் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாமல்தான் இருந்தேன்.

சரி, உங்கள் மேலாளர் கலர் என்றாரே, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

சில வருடங்களுக்கு முன்னால், இதேபோல ஒரு கடன் நிறுவனத்தின் கிளையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். மேற்கு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் அலுவலகம். கடன் அலுவலர் கையில் டேப்லெட். ஒரு விண்ணப்பத்தைத் திறந்தால் முதலில் தெரிவது பெரிய வட்டம், அதற்குள் ஓர் எண். 60க்குக் கீழே போனால் வட்டம் சிவப்பு, மேலே போனால் பச்சை. விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்கு, வீட்டு நிலவரம், தொழில் எல்லாம் ‘மேலும்’ என்ற தாவலுக்குள் இருந்தன. அடியில், திரையின் அகலம் முழுக்க ஒரு பட்டன்: ‘பரிந்துரையை ஏற்கவும்’. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ‘மாற்ற’.

ஒரு தையல்காரப் பெண்மணி வந்தார். அலுவலருக்கு அவரைத் தெரியும். முன்பு வேறொரு நிறுவனத்தில் இருந்தபோது அவருக்கு இரண்டு முறை கடன் கொடுத்திருக்கிறார், இரண்டும் தவணை தவறாமல் திரும்பியிருக்கிறது. வட்டத்தில் 54. சிவப்பு. அலுவலர் அந்த அம்மாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ‘ஏற்கவும்’ பட்டனைத் தட்டிவிட்டார்.

அவர் போன பிறகு ஏன் என்று கேட்டேன். “மெஷின் சிவப்புன்னு சொல்லிடுச்சு சார். நான் பச்சைன்னு சொல்லி, நாளைக்கு அது வராக்கடனாப் போனா யார் பேர் வரும்? அது போக, மாத்தணும்னா என்ன பாடுன்னு பாருங்க” என்று ‘மாற்ற’ என்பதைத் தட்டிக் காட்டினார். முதலில் காரணம் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல். பிறகு ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டும். பிறகு கடையின் புகைப்படம். கடைசியில் ஏரியா மேனேஜருக்கு ஓடிபி போகும். மேனேஜர் அந்த நேரம் பைக்கில் எங்கேயோ இருப்பார். அவர் வண்டியை ஓரம் கட்டிப் பார்ப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். திரும்ப முதலிலிருந்து.

அந்த நிறுவனத்தின் கொள்கை ஆவணம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ‘ஏஐ பரிந்துரை மட்டுமே செய்யும், இறுதி முடிவு மனிதருடையது’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. எழுதியவர்கள் அதை நம்பித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் ஏற்பதற்கு ஒரு தட்டு, மறுப்பதற்கு நாலு படி, ஓர் ஓடிபி, ஒரு மேனேஜர் என்று திரையைக் கட்டிய அன்றைக்கே அந்த வரி பொய்யாகிவிட்டது. அந்த டேப்லெட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர் முடிவெடுக்கவில்லை, கையெழுத்துப் போட்டார்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். குழுவில் எழுதும் ஒவ்வொரு வாக்கும் கடைசியில் ஏதோ ஒரு திரையில்தான் வந்து நிற்கும். அந்தத் திரை அதைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் அந்த அறையில் ஒருவராவது வேண்டும். இப்போது அங்கே அப்படி யாரும் இல்லை.

இந்த விஷயம் சின்னத் தொகையோடு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று ஊர் பேர் வைத்த ஒரு திட்டம் இருந்தது. அரசு உதவித்தொகை வாங்கியவர்கள் அதிகமாக வாங்கிவிட்டார்களா என்று கணினியே கணக்குப் போட்டு நோட்டீஸ் அனுப்பும். கணக்கு எளிமையானது. வரித் துறையிடம் இருக்கும் ஒரு வருட வருமானத்தை எடுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிடுவார்கள். ஆறு மாதம் வேலை இருந்து, ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கியவர்கூட, வருடம் முழுக்கச் சம்பாதித்தவர்போல அதில் தெரிவார். நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மீது இப்படிக் கடன் ஏறியது. 2019இல் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், இந்த முறையில் கடன் சுமத்தியது சட்டப்படி செல்லாது என்றானது. 2023 ஜூலையில், இதை விசாரிக்க அரசு அமைத்த ராயல் கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது.

அது ஏஐகூட இல்லை, வெறும் சராசரிக் கணக்கு. உங்களுக்கு நான் காட்ட விரும்புவது அதன் கடிதத்தை. முதலில் போன கடிதங்களில், உதவிக்கென்று தனியாக இருந்த தொலைபேசி எண்ணே இல்லை. அரசுத் துறைகள் மீதான புகார்களை விசாரிக்கும் அந்நாட்டின் ஆம்பட்ஸ்மன் 2017இலேயே அதைக் குறையாகச் சுட்டிக் காட்டினார். இணையத்தில் போய் விவரம் கொடு, பழைய சம்பளச் சீட்டைத் தேடு, நீ தப்பு செய்யவில்லை என்று நீயே நிரூபி, இதுதான் வழி. கணக்கில் தப்பு இருந்தது உண்மை. அந்தத் தப்பை யாராவது பிடித்து நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அந்தக் கடிதம்தான். ஒரு தொலைபேசி எண்ணை எங்கே போடுவது, எந்த அளவில் போடுவது என்பதைத் தீர்மானிப்பது யார் வேலை? உங்கள் வேலை, என் வேலை.

நம் தையல்கார அம்மாவை இங்கே திரும்ப நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் ராத்திரி பகலாகத் தைப்பார். பள்ளி திறக்கும் ஜூனில் யூனிஃபார்ம். ஆடியில் ஒன்றும் இருக்காது. மூன்று மாத வங்கிக் கணக்கை வைத்து வருமானத்தை அளக்கும் மாடல், எந்த மூன்று மாதம் என்பதைப் பொறுத்து அவரைப் பணக்காரராகவும் காட்டும், வக்கற்றவராகவும் காட்டும். இது அலுவலருக்குத் தெரியும். அதை அவர் சொல்வதற்குத் திரையில் ஓர் இடம் இருந்ததா என்றால், இல்லை.

அடுத்து, விளக்கம் போட்டால் போதுமா என்ற உங்கள் கேள்வி. போதாது. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். விளக்கம் கொடுத்தால் மனிதர் யோசிப்பார் என்று ரொம்ப நாள் நம்பினேன். ஹார்வர்டு ஆய்வாளர்கள் சிலர் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. ஏஐ தப்பாகச் சொல்லும் இடங்களில்கூட, அருகில் ஒரு விளக்கம் இருந்தால் மக்கள் அதன் பின்னாலேயே போனார்கள். ‘காரணமெல்லாம் போட்டிருக்கிறானே, சரியாகத்தான் இருக்கும்’ என்று நம் மனசு முடித்துவிடுகிறது. வேறு சில ஏற்பாடுகள் அதைவிட நன்றாக வேலை செய்தன. முதலில் உன் முடிவைச் சொல், பிறகு ஏஐயின் பதிலைக் காட்டுகிறேன் என்பது ஒன்று. ஏஐ பதில் தானாக வராது, வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள் என்பது இன்னொன்று. இப்படிச் செய்தபோது கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது குறைந்தது. ஆனால் அந்த ஏற்பாடுகளைத்தான் பங்கேற்றவர்கள் குறைவாக விரும்பினார்கள்.

இந்தக் கடைசி வாக்கியம் நமக்குக் கசப்பு மருந்து. ‘பயனருக்கு யோசிக்கவே வைக்காதே, ஒரே தட்டில் முடி’ என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். உணவு ஆர்டர் செய்யும் செயலிக்கு அது சரி. இன்னொருவர் வாழ்க்கையில் கை வைக்கிற முடிவு என்றால், வேண்டுமென்றே ஓர் இடத்தில் கொஞ்சம் தடுக்கிவிட வேண்டும். எங்கே தடுக்குவது, எத்தனை முறை தடுக்குவது என்பதில்தான் நம் திறமை. எல்லா விண்ணப்பத்துக்கும் தடுத்தால் அலுவலர் இரண்டு நாளில் பழகிக்கொண்டு எதையாவது தட்டிவிட்டுப் போவார். உங்கள் இடத்தில் நான் இருந்தால், வெளிப்படையான நல்ல விண்ணப்பங்களை அதன் போக்கில் விட்டுவிட்டு, நடுவில் விழுபவற்றுக்கு மட்டும் எண்ணை மறைப்பேன். முதலில் ஆவணங்கள். பிறகு ‘உங்கள் கணிப்பு என்ன?’ அதற்குப் பிறகுதான் எண். இரண்டும் ஒத்துப்போகவில்லையா, ஏன் என்று ஒரே ஒரு கேள்வி. ஓடிபி கிடையாது. ஏற்பதற்கு எத்தனை தட்டோ, மறுப்பதற்கும் அத்தனையே தட்டு. மேனேஜர் பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் மொத்தமாகப் பார்க்கட்டும்.

அந்த எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் நீங்களே ‘மதிப்பெண்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் மதிப்பெண் என்றால் என்ன? 35 எடுத்தால் பாஸ். நான் பார்த்த இன்னொரு செயலியில் வாடிக்கையாளருக்கும் எண்ணைக் காட்டினார்கள். ‘ஐம்பத்தெட்டு வாங்கியிருக்கேன், பாஸ்தானே? அப்புறம் ஏன் லோன் இல்லைங்கறீங்க?’ என்று ஒருவர் கவுன்டரில் கேட்டார். கவுன்டரில் இருந்தவரிடம் பதில் இல்லை. நூற்றுக்கு என்று போட்டு மதிப்பெண் என்று பெயரும் வைத்தால், படிக்கிறவர் மனசில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்தான் வந்து நிற்கும். அலுவலருக்கும் அதே கதிதான். 59க்கும் 61க்கும் மாடல் கண்ணில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஒரு மார்க்கில் ஃபெயில் ஆன பையனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு நிலை வையுங்கள். அதற்கு நிறமே வேண்டாம், ‘மாடலால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, நீங்கள் பாருங்கள்’ என்ற வரி போதும். (சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் என்பது தனிக் கதை.) ஆக, கலர் முடிவு பண்ணும்போது கூப்பிடுகிறேன் என்று உங்கள் மேலாளர் சொன்னது, அவருக்குத் தெரியாமலே, முக்கியமான முடிவுக்குக் கூப்பிடுகிறேன் என்றதுதான்.

மாடல் பயிற்சி தெரியாது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மாடல் எதைச் சாப்பிடுகிறது என்று யோசித்துப் பார்த்தீர்களா? நீங்கள் வரைந்த படிவத்தை. ‘தொழில்’ என்று ஒரு பட்டியல் வைத்திருப்பீர்கள்: அரசு ஊழியர், தனியார் ஊழியர், சுயதொழில், விவசாயம், இல்லத்தரசி, மற்றவை. வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கிற பெண்ணை அவசரத்தில் இருக்கும் அலுவலர் எதில் போடுவார்? இல்லத்தரசி. சுயதொழிலைத் தட்டினால் பதிவுச் சான்றிதழ் கேட்கும், அது அவரிடம் இருக்காது. இப்படியே இரண்டு வருடம் பதிவானால், சம்பாதிக்கிற பெண்கள் எல்லாம் டேட்டாவில் வருமானமற்றவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். பிறகு டேட்டா குழு ஆண், பெண் பாரபட்சம் இருக்கிறதா என்று மாடலைச் சோதிக்கும். அவர்கள் எந்த மூலையில் தேடினாலும் உங்கள் பட்டியலில் விடுபட்ட அந்த ஒரு வரி கிடைக்காது.

பெயர்ப் பெட்டியும் அப்படித்தான். ‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம். நம் ஊரில் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? எஸ். முருகன் என்பவர் ஒரு படிவத்தில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயரைப் போடுவார், இன்னொன்றில் வெறும் ‘எஸ்’ போடுவார், வேறொன்றில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்வார். ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி. பெயர்ப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் இவர் வேறு ஆளோ என்று சந்தேகப்பட்டு மதிப்பைக் குறைத்துவிடும். மாடலில் ஒரு குறையும் இல்லாமலே தமிழர் ஒருவருக்கு அநியாயம் நடந்துவிட்டது. ‘ஆவணத்தில் உள்ளபடி முழுப் பெயர்’ என்று ஒரே பெட்டி வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை இருந்திருக்காது. இதைக் குழுவில் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

ஏஐயின் பாரபட்சம் என்றாலே மாடலைத் திருத்துவதுதான் ஒரே வழி என்று ஒரு நினைப்பு உண்டு. உங்கள் குழுவினருக்கும் அது இருக்கும். அவர்களுக்குச் சொல்ல இரண்டு உதாரணம் தருகிறேன். ட்விட்டர் 2018இல் இருந்து, பெரிய படங்களை முன்னோட்டத்துக்காக வெட்டும் வேலையை ஓர் அல்காரிதத்திடம் விட்டிருந்தது. படத்தில் கண் போகும் இடம் எது என்று கணித்து அதைச் சுற்றி வெட்டும். இருவர் இருக்கும் படத்தில் அது வெள்ளை முகத்தையே தேர்ந்தெடுக்கிறது என்று 2020 செப்டம்பரில் பயனர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். நிறுவனம் தானே சோதித்து, முடிவை 2021 மேயில் வெளியிட்டது. வித்தியாசம் இருந்தது. அவர்கள் எடுத்த வழிதான் விஷயம்: இன்னும் நல்ல அல்காரிதம் தேடுவதை விட்டுவிட்டு, படத்தை வெட்டாமல் முழுசாகக் காட்டினார்கள். எப்படி வெட்டுவது என்பது மனிதர்களிடமே இருக்கட்டும் என்றார்கள். முழுக்க முழுக்க ஒரு டிசைன் முடிவு.

இன்னொன்று கூகுள் மொழிபெயர்ப்பு. துருக்கி மொழியில் ‘ஓ’ என்றால் அவனும் ஆகும், அவளும் ஆகும். ‘ஓ பிர் டாக்டர்’ என்று கொடுத்தால் ஆங்கிலத்தில் ஆண் டாக்டராக வந்துகொண்டிருந்தது. 2018 டிசம்பரில் அதை மாற்றி, ஆண்பாலில் ஒன்று, பெண்பாலில் ஒன்று என இரண்டு மொழிபெயர்ப்பையும் கீழே கீழே காட்டத் தொடங்கினார்கள். பின்னணியில் மாடல் வேலையும் நிறைய உண்டு. ஆனால் ‘ஒரே பதில்தான் காட்ட வேண்டும்’ என்ற பழக்கத்தை யாரோ ஒருவர் கேள்வி கேட்டதால்தான் இது நடந்திருக்க முடியும். நம் ‘அவர்’ என்ற சொல்லும் அதே ரகம்தானே. ‘அவர் மருத்துவர்’, ‘அவர் செவிலியர்’ இரண்டையும் ஏதாவது ஒரு மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பாருங்கள். என்ன வருகிறது என்று குழுவில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.

கடன் கேட்டு வந்தவர் பக்கத் திரைக்கு வருவோம். நிராகரிப்புச் செய்தி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியாது. ‘தங்களது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது’ என்றுதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். தமிழில் இந்த ‘-பட்டுள்ளது’ பெரிய மாயக்காரன். செய்தவர் யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். யார் நிராகரித்தது? கணினியா, கிளையா, தலைமை அலுவலகமா? படிக்கிறவருக்கு யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘உங்களுக்கு இப்போது கடன் தர முடியவில்லை. உங்கள் விண்ணப்பத்தை முதலில் கணினி மதிப்பிட்டது, பிறகு எங்கள் கிளை அலுவலர் பார்த்தார். முக்கியக் காரணம்: ஏப்ரல், மே மாத வங்கி வரவு தெரியவில்லை. அந்த விவரம் உங்களிடம் இருந்தாலோ, இந்த முடிவு தவறு என்று நினைத்தாலோ, இந்த எண்ணுக்குப் பேசுங்கள். வேறு ஓர் அலுவலர் திரும்பப் பார்ப்பார்.’ நாலு வரி கூடுதல், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனம். ‘அலுவலர் பார்த்தார்’ என்று எழுதும் உரிமை, அலுவலர் உண்மையில் பார்த்திருந்தால் மட்டுமே உங்களுக்கு உண்டு. அதை எழுத முடியவில்லை என்றால் பழுது இந்தச் செய்தியில் இல்லை, நான் மேலே சொன்ன அலுவலர் திரையில் இருக்கிறது.

சட்டப் பிரிவோடு பேச உங்களுக்குச் சில பிடிகள் உண்டு. ரிசர்வ் வங்கி அமைத்த குழு ஒன்று, நிதித் துறையில் ஏஐ எப்படி இருக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்திருக்கிறது. ஏழு சூத்திரங்கள் சொல்கிறார்கள். ‘மக்களே முதல்’ என்பது ஒன்று. ‘வடிவமைப்பிலேயே புரியும்படி’ என்பது இன்னொன்று. பரிந்துரைதான், ஆனால் உங்கள் வாடிக்கையாளரான நிதி நிறுவனம் அதை அலட்சியப்படுத்தாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2023ஆம் வருடச் சட்டம், சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. தமிழ் அதில் உண்டு. தமிழ் என்றால் படித்தால் புரிகிற தமிழ் என்று நீங்கள்தான் சண்டை போட வேண்டும். நுகர்வோரை ஏமாற்றும் திரை உத்திகள் 13ஐப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்றைப் பெரிதாகக் காட்டி மற்றதை மங்கலாக்கும் உத்தியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது வாடிக்கையாளர் திரைகளுக்கானது. ஆனால் அந்தச் சாம்பல் நிற ‘மாற்ற’ பட்டனை மனசில் வைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மோசமான மாடலை நல்ல திரை காப்பாற்றாது. சொல்லப்போனால் இன்னும் கெடுக்கும். அழகான, தெளிவான, நட்பான திரை என்றால் மக்கள் அதிகம் நம்புவார்கள், அந்த நம்பிக்கைக்கு மாடல் தகுதியானதாக இருக்க வேண்டும். மாடலின் தவறு எந்தப் பிரிவினரிடம் அதிகம் என்று டேட்டா குழுவிடம் கேளுங்கள். ‘அது உங்களுக்கு எதற்கு?’ என்றால், எந்த இடத்தில் அலுவலரை நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டும் என்று வரைவதற்கு என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. பதில் தர முடியாத குழுவுக்கு நான் திரை வரைய மாட்டேன். எனக்கு வயதாகிவிட்டது, அப்படிச் சொல்ல முடிகிறது. ஐந்து வருட அனுபவத்தில் சொல்வது கஷ்டம் என்று தெரியும். அதனால் மறுப்பதற்குப் பதில் மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டது பதிவில் இருக்கட்டும்.

குழுவில் எப்படி நுழைவது? இடம் கேட்டு நிற்காதீர்கள். காட்டுவதற்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள். கிளையில் ஓர் அலுவலர் அனுமதியோடு, அவர் செயலியைப் பயன்படுத்துவதை மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள், வாடிக்கையாளர் முகமோ விவரமோ விழாமல். கூடவே இரண்டு கணக்கு: விண்ணப்பம் திறந்ததிலிருந்து முடிவைத் தட்டும்வரை எத்தனை விநாடி, நூறு பரிந்துரையில் எத்தனை அப்படியே ஏற்கப்படுகிறது. இரண்டும் செயலிப் பதிவிலேயே இருக்கும், யாரும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ‘மனிதர் பரிசீலிப்பார் என்று நாம் எழுதியிருக்கிறோம். பரிசீலிக்கும் நேரம் இது’ என்று ஒரு விநாடிக் கணக்கைத் திரையில் போட்டால் அறையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். வாய்ப்பிருந்தால் பயிற்சிப் பதிப்பில் ஒரு சோதனையும் செய்யுங்கள். பத்து மாதிரி விண்ணப்பங்களில் இரண்டுக்கு வேண்டுமென்றே தப்பான எண் போட்டு, எத்தனை பேர் கண்டுபிடிக்கிறார்கள் என்று பாருங்கள். உண்மையான விண்ணப்பத்தில் ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள். யார் கண்டுபிடித்தார், யார் விட்டார் என்ற பெயர் விவரம் ஹெச்ஆருக்குப் போகாது என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகே தொடங்குங்கள். இல்லையென்றால் அடுத்த முறை யாரும் உங்கள் பக்கத்தில் உட்காரக்கூட மாட்டார்கள்.

கோர்ஸ் பற்றிக் கேட்டீர்கள். சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டாம். மனிதரும் ஏஐயும் சேர்ந்து வேலை செய்வதற்கு மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட 18 வழிகாட்டுதல்கள் இருக்கின்றன, அதே வருடம் கூகுள் வெளியிட்ட ஒரு கையேடும் இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டு வார இறுதி போதும். புள்ளியியலில் தவறான ஏற்பு (தரக் கூடாதவருக்குத் தருவது), தவறான மறுப்பு (தர வேண்டியவருக்கு மறுப்பது) என்ற இரண்டும் என்னவென்று புரிந்தால் இப்போதைக்குச் சமாளிக்கலாம். உங்கள் டேட்டா நண்பர் ஒருவரை டீக்கடைக்குக் கூட்டிப்போனால் அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

அதைவிட முக்கியம், கிளையில் ஒரு முழு நாள். ஓய்வான நாளில் போகாதீர்கள், எல்லோருமே நிதானமாகப் படித்துத் தட்டுவார்கள். சந்தை நாளில் போங்கள், அல்லது டார்கெட் முடிக்க வேண்டிய மாதக் கடைசியில். வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது உங்கள் திரை என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டால் போதும். லேப்டாப்பைத் திறந்தீர்களானால் ஆடிட் வந்திருக்கிறது என்று நினைத்து, அன்றைக்கு மட்டும் ‘மேலும்’ தாவலையெல்லாம் திறந்து காட்டுவார்கள்.